பச்சை வண்டிக்கு முதுகு காட்டி

ஒரு தரம் திரும்பிப் பார்த்தால் ஐம்பதாயிரம் போச்சு. திரும்ப மாட்டேன். முதுகுக்குப் பின்னால் அது நிற்கிறது என்று தெரிகிறது, அடுப்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் தெரியுமே அப்படி, பச்சைக்கென்று ஒரு சூடு உண்டா என்ன, இருக்கும் போல, உள்ளே நுழையும்போது ஓரக்கண்ணில் பட்டது அவ்வளவுதான், கிளிப்பச்சை, ஆறு சக்கரம், கதவில் யாரோ தன் மகள் பேரை எழுதி வைத்து விற்கும்போது மனசு கேட்காமல் பாதி சுரண்டியிருக்கிறார்கள், போதும் பூங்காவனம், நினைக்கவும் நினைக்காதே, நினைத்தால் முகத்தில் வரும், முகத்தில் வந்தால் அந்த அர்த்தனாரி படித்துவிடுவான். எதிரே நிற்கிற சிவப்பைப் பார். பத்துச் சக்கரம், ராட்சசன், எனக்கு எதற்கு அது, எனக்கு வேண்டவே வேண்டாம், அதனால்தான் காலையிலிருந்து அதைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறேன். மூன்று தரம் சுற்றி வந்தேன், கதவைத் தடவினேன், “ஆகா” என்றுகூடச் சொன்னேன், அந்த “ஆகா”வுக்கு நானே எனக்குப் பரிசு கொடுத்துக்கொள்ளலாம். இருபத்திரண்டு லட்சம் என்றான். பத்தொன்பது என்றேன். “பார்ட்னர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தர்றனுங்கக்கா” என்று போனை எடுத்துக்கொண்டு தகரக் கொட்டகைக்குள் போயிருக்கிறான். பார்ட்னராம். இந்தச் சங்ககிரியில் பழைய லாரி விற்கிற ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பார்ட்னர் இருக்கிறான், கண்ணுக்குத் தெரியாத ஆள், சாமி மாதிரி. வந்து “ஆவாதுங்கக்கா” என்பான். நான் பெருமூச்சு விடுவேன். கண்ணைக் கசக்கினாலும் கசக்குவேன். அப்புறம் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, போகிற போக்கில், “சரி, அந்தக் கிழட்டுப் பச்சையை என்ன விலைக்குத் தள்ளுவ?” முதலில் ஒரு தரம் அலட்சியமாகக் கேட்டுவைத்திருக்கிறேன், பதினாறரை என்றான். பதினைந்துக்கு வரும். நான் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் வரும்.

வேண்டிய பொருளைப் பார்க்கக்கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஒரு எண்ணெய்ச்சட்டி சொல்லிக்கொடுத்தது. பத்தொன்பது வயது, கல்யாணமாகி எட்டு மாதம், திருவண்ணாமலை தீபத்துக்கு டெல்லி அப்பளக் கடை போடலாம் என்று நானும் ஏகாம்பரமும், வாயால் பேர் சொல்ல மாட்டேனே தவிர மனசுக்குள் ஏகாம்பரம்தான், கோபம் வந்தால் ஏகாம்பரம் மட்டும்தான், ரெண்டு பேரும் பழைய இரும்புக் கடைக்குப் போனோம். அகலமான சட்டி, ஒரு அப்பளம் முழுசாக விரிகிற சட்டி. அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். கடைக்காரன் சட்டியைப் பார்க்கவில்லை, என் கண்ணைப் பார்த்தான், விலையை இரண்டு மடங்காகச் சொன்னான். குறைக்கவே இல்லை. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர், “நல்ல சட்டிதான் பூவு” என்றார் பாருங்கள், அந்த நிமிஷம் தீர்மானம் பண்ணினேன், என் கண்ணுக்கும் இவர் வாய்க்கும் பூட்டு. அந்தச் சட்டியில் நாலு வருஷம் அப்பளம் பொரித்தேன், கைமுட்டி வரை எண்ணெய் தெறித்த தழும்பு, பிறகு வளையம் போடுகிற கடை, பிறகு குழந்தைகள் சுற்றுகிற சின்ன ராட்டினம், பிறகு டோரா டோரா ராட்டினத்தில் கால் பங்கு, அந்தப் பங்காளியோடு சண்டை, கால் பங்கும் போச்சு, மறுபடி அப்பளம், மறுபடி வளையம், கடைசியில் கொலம்பஸ். நாற்பது பேர் உட்காருகிற படகு, முன்னால் மேலே, பின்னால் மேலே, ஒரே கூச்சல், ஒவ்வொரு பொருட்காட்சியிலும் அந்தக் கூச்சலைக் கேட்டால் எனக்குப் பசிக்காது. வாங்கும்போது நான் படகைப் பார்க்கவே இல்லை. டிக்கெட் கூண்டைத்தான் பேரம் பேசினேன், படகு கூட வந்தது. முப்பத்துநாலு வருஷம் இப்படியே ஓட்டியாயிற்று. வேண்டியதைப் பார்க்காமலே வாங்கி வாங்கி, நான் வாங்கின எதையும் வாங்குவதற்கு முன் நன்றாகப் பார்த்ததில்லை, அட, இது இப்போதுதான் தோன்றுகிறது. கல்யாணத்துக்கு முன் இவரையும் பார்க்கவில்லைதான். அது வேறு விஷயம். டீ வரவில்லை. பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் பொறி தெறிக்கிறது, கண்ணை அந்தப் பக்கம் வைத்துக்கொள்.

வாடகை லாரிக்காரன் எவன் முகத்திலும் இனி விழிக்கக்கூடாது, அதுதான் கணக்கு. படகைப் பிரித்து மூன்று லாரியில் ஏற்று, இறக்கு, மாட்டு, மறுபடி பிரி, மறுபடி ஏற்று. ஒருத்தன் வேலூருக்கு என்று ஏற்றி விக்கிரவாண்டியில் நிறுத்திக்கொண்டு, “இன்னும் ஏழாயிரம் வெச்சாத்தான் வண்டி நகரும்” என்றான், படகின் மூக்கு அவன் லாரியில், வால் இன்னொருத்தன் லாரியில், நான் நடுரோட்டில். செருப்பைக் கழற்றினேன். செருப்பைக் கழற்றினதற்கு இன்னும் ரெண்டாயிரம் சேர்த்துக்கொண்டான். பொருட்காட்சி தொடங்கி ரெண்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தோம், நல்ல மூலையை ஜயண்ட் வீல்காரன் பிடித்துவிட்டான். அன்றைக்கே சொன்னேன், ஒரே ட்ரெய்லர், படகை அதன் மேலேயே நிரந்தரமாகப் பொருத்திவிடு, போய் நின்று, காலை ஊன்றி, தூக்கி, ஆட்டு. ட்ரெய்லர் கிடைத்தது பல்லடத்தில். காற்றாலைச் சாமான் ஏற்றின ட்ரெய்லர், பெரிய பெரிய இரும்புக் கோபுரத் துண்டுகளைச் சுமந்து பழகின உடம்பு. ஆறு மாதம் பட்டறையில் போட்டு, படகைப் பொருத்தி, சாயம் அடித்து, அது இப்போது பல்லடத்தில் நிற்கிறது, முன்பக்கம் ரெண்டு இரும்புக் காலை ஊன்றிக்கொண்டு, தலை இல்லாமல். தலையைத்தான் வாங்க வந்திருக்கிறேன். இழுக்கிற வண்டி. வருகிற வியாழக்கிழமை தேனிப் பக்கம் வீரபாண்டித் திருவிழா மைதானத்தில் நிற்க வேண்டும், கொலம்பஸுக்கான இடம் என் பேரில் இருக்கிறது, வியாழக்கிழமை வராவிட்டால் வெள்ளிக்கிழமை ஜயண்ட் வீல்காரனின் படகு அங்கே ஆடும், ஆமாம், அவனும் ஒரு படகு வாங்கிவிட்டான், பாவி, என்னைப் பார்த்துத்தான். இன்றைக்கு ஞாயிறு. நேற்று வரை நாலு யார்டு பார்த்தாயிற்று. இன்றைக்குத் தலை கிடைக்க வேண்டும், சரியான தலை, இல்லாவிட்டால் வீரபாண்டி இல்லை, வீரபாண்டி இல்லாவிட்டால் இந்த வருஷமே இல்லை.

சரியான தலைதான். படகும் சட்டமும் பன்னிரண்டு டன், ட்ரெய்லர் எட்டு, ஜெனரேட்டர் மூன்று, எல்லாம் சேர்த்தால் இருபத்துமூன்று, அதற்கு ஆறு சக்கரம் போதும். பத்துச் சக்கரம் வாங்கினால் நாலு டயருக்குச் சேர்த்து அழ வேண்டும், டீசல் குடிக்கும், மைதானத்துக்குள் திரும்பாது. நாமக்கல்லில் ஒருத்தன், “பவர் ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானேம்மா” என்றான், ஆமாம், கல்யாண வீட்டுக்கு யானையும் நல்லதுதான், தினமும் தீனி யார் போடுவது? பச்சையை ஸ்டார்ட் பண்ணச் சொன்னபோது, சிவப்பைப் பார்த்துக்கொண்டே காதை மட்டும் பின்னால் வைத்திருந்தேன், ஒரே இழுப்பில் பிடித்தது. புகை வாசனை சுத்தம். எஞ்சின் ஆயிலை, “அந்தச் சிவப்போட ஆயிலையும் பாருங்க, இதையும் பாருங்க” என்று இவரைவிட்டுப் பார்க்கச் சொன்னேன், சாடையில் நன்றாயிருக்கிறது என்றார். டயரை உதைத்தேன், போகிற போக்கில், காலில் பட்டதுபோல. இந்த வேலையை என்னைப்போல யார் செய்வார்கள். இவர் ஏன் இருமுகிறார்? இடது பக்க நாற்காலியில் ஏகாம்பரம், முழங்கால் மேல் துண்டு, காலையில் யார்டுக்கு வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, ஒப்பந்தம். பஸ்ஸில் வரும்போது போட்டது. “நீங்க வாயைத் திறக்கக்கூடாது” என்றேன். “நீ கோபப்படக்கூடாது” என்றார். போன வாரம் நாமக்கல்லில் ஒருத்தன் என்னை விட்டுவிட்டு இவரிடமே விலை பேசினான், “ஓனர்கிட்டப் பேசிக்கறேன், நீங்க உக்காருங்கம்மா” என்றான், நான் பேசின பேச்சில் அவன் ஆபீஸில் இருந்த காலண்டர் ஆடியது, நல்ல வண்டி, கையைவிட்டுப் போச்சு. அதனால் இன்றைக்கு நான் பசு. இவர் ஊமை. சரியாகத்தான் போகிறது. ஆனால் ஏன் இருமுகிறார், பார், இப்போது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வளையம் பண்ணிக் காட்டுகிறார். என்ன அது. வடையா? எதிர்க் கடையில் வடை போடுகிறான், வாசனை வருகிறதுதான். அப்புறம் ரெண்டு கையையும் சேர்த்துப் பெரிய வளையம். சின்ன வடை வேண்டாம், பெரிய வடை வேண்டுமாம். வயசு ஐம்பத்தெட்டு. நான் இங்கே பதினாறரையைப் பதினைந்தாக்கிக்கொண்டிருக்கிறேன், இவருக்கு வடை. முறைத்தேன். கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டார். மறுபடி எடுத்தார். சின்ன வளையம். இல்லை என்று தலையாட்டல். பெரிய வளையம். ஆமாம் என்று தலையாட்டல். முகத்தில் வியர்வை. வடைக்கு இப்படி வியர்க்குமா?

டீ வந்தது. கண்ணாடி டம்ளர், சூடு, விளிம்பைப் பிடித்தேன், வட்டம். விரலை வளைத்துப் பிடித்தால் விரல் நுனிகள் தொடவில்லை, போன மாதம் பல்லடத்தில் இப்படித்தான் ஒன்றைப் பிடித்தேன், தொடவில்லை, கிரீஸ் வழவழவென்று, என்னது அது. கிங் பின். ட்ரெய்லர் முன்பக்கத்தின் அடியில் தொங்குகிற இரும்பு முளை. இழுக்கிற வண்டியின் முதுகில் வட்டமாக ஒரு தட்டு இருக்கும், பிஃப்த் வீல் என்பார்கள், ஐந்தாவது சக்கரம், சக்கரம் என்று பேர் ஆனால் உருளாது, நடுவில் ஒரு வாய், அந்த வாய்க்குள் இந்த முளை போய் உட்கார வேண்டும், வாய் கவ்வ வேண்டும், அவ்வளவுதான் இருபத்துமூன்று டன்னுக்கும் வண்டிக்கும் இருக்கிற சொந்தபந்தம். சாதாரண ட்ரெய்லருக்கு முளை ரெண்டு இஞ்ச், உலக்கைப் பருமன். காற்றாலை ட்ரெய்லருக்கு மூன்றரை இஞ்ச், சொம்புக் கழுத்துப் பருமன். நம்முடையது மூன்றரை. அது தெரியும், பட்டறைக்காரன் சொன்னான், “வண்டி எடுக்கறப்ப வாயைப் பார்த்து எடுங்கம்மா” என்றான், அது தெரியும், தெரிந்துதானே வந்தேன். பச்சையின் வாய் எவ்வளவு? பார்த்தேனா? பார்த்தேன். எப்போது பார்த்தேன்? காலையில் இறங்கினதும் நேரே சிவப்பு. சிவப்பைச் சுற்றினேன், சிவப்பின் முதுகில்கூட ஏறிப் பார்த்தேன், நடிப்புக்காக, அதற்குப் பெரிய வாய், மூன்றரை, என் முஷ்டியே போகும். பச்சையை என்ன பார்த்தேன்? காதால் எஞ்சின். மூக்கால் புகை. காலால் டயர். கண்ணால்? கண்ணால் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்றுதானே பார்க்கவில்லை. வாயைக் காதால் கேட்க முடியுமா, மூக்கால் மோந்தால் அளவு தெரியுமா. அடி பூங்காவனம். சின்ன வாய், இல்லை. பெரிய வாய், ஆமாம். இவர் வடை கேட்கவில்லை.

திரும்பினால் போச்சு. திரும்பாவிட்டாலும் போச்சு. ஆறு சக்கர வண்டிக்குப் பெரும்பாலும் ரெண்டு இஞ்ச்தான், பெரும்பாலும், எல்லாம் அப்படியில்லை, காற்றாலைக்கு ஓடின வண்டியாக இருந்தால் மூன்றரை இருக்கலாம், இது எதற்கு ஓடிற்று, கேட்கவில்லை, கேட்டால் ஆசை தெரியுமே என்று கேட்கவில்லை. எதிரே நிற்கிற சிவப்பின் பக்கக் கண்ணாடியில் பின்னால் இருப்பது தெரிகிறதா, தெரிகிறது, ஒரு பச்சைத் துண்டு, ஒரு சக்கரம், முதுகு தெரியவில்லை. கொஞ்சம் சாய்ந்தால்? நாற்காலிக் கால் மண்ணில் இறங்குகிறது. இன்னும் கொஞ்சம். என் தலைதான் தெரிகிறது, பெரிசாக, பூ வாடிப்போய். புதன்கிழமை பல்லடத்தில் வண்டியைப் பின்னால் விடுகிறேன், மெதுவா, மெதுவா, வா வா வா, முளை வந்து வாயில் முட்டி நிற்கிறது, உள்ளே போகவில்லை, சொம்பு உலக்கைக் குழிக்குள் போகுமா, டிரைவர் இறங்கி என்னைப் பார்க்கிறான், பட்டறைக்காரன் என்னைப் பார்க்கிறான், படகு ஒன்றும் சொல்லாமல் நிற்கிறது. தேனியில் ஜயண்ட் வீல்காரன் மைக்கைத் தட்டி, “ஹலோ, ஹலோ” என்கிறான். ஏன் இவர் அப்போதே சொல்லவில்லை, ஆயில் பார்க்கப் போனபோது பார்த்திருப்பார், அப்போதே ஒரு வார்த்தை, ஆனால் ஒரு வார்த்தை பேசினால் என்ன ஆகும் என்று பஸ்ஸில் நான் சொன்னது எனக்கே ஞாபகம் வருகிறது, சொல்லியிருக்க வேண்டாம், பக்கத்து சீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். கோபம் வருகிறது. யார் மேல்? இவர் மேல் என்றால் நியாயம் இல்லை. அர்த்தனாரி மேல் என்றால் அவன் என்ன செய்தான். என் மேல் என்றால், என் மேல் கோபப்பட்டு எனக்குப் பழக்கம் இல்லை, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

கொட்டகைக் கதவு திறந்தது. அர்த்தனாரி, வெள்ளை வேட்டி, காதில் பேனா, முகம் நிறையச் சிரிப்பு. “அக்கா, நல்ல சேதி! பார்ட்னரு ஒத்துக்கிட்டாருங்க. பத்தொம்பதுக்கே சிவப்பை எடுத்துக்குங்க!” ஒத்துக்கொண்டானா? இதுவரைக்கும் யாரும் ஒத்துக்கொண்டதே இல்லையே. ஒத்துக்கொள்ளாமல் இருந்தால்தானே நான் பெருமூச்சு விட முடியும். “பத்தொம்பதுக்கா?” என்றேன். “பத்தொம்பதுக்கேதானுங். உங்க முகத்துக்காகங்.” முகமாவது மண்ணாவது. “இல்ல தம்பி, யோசிச்சுப் பார்த்தா அது கொஞ்சம் பெரிசா...” “ஏனுங்கக்கா, காலைல பெரிசுன்னு தானே மூணு தரம் கொஞ்சுனீங்க.” அவன் சிரிக்கிறான். கோபம் தொப்புளிலிருந்து புறப்பட்டு மேலே வருகிறது, இதோ கழுத்து, இதோ நாக்கு, இன்னும் ஒரு வினாடியில் இந்த யார்டில் ஒரு காலண்டர் ஆடப்போகிறது, அப்போது இவர் எழுந்து நின்றார். துண்டை உதறித் தோளில் போட்டார். வாயைத் திறக்கவில்லை. ரெண்டு கையாலும் வளையம் பண்ணி எனக்கு நேரே, மூக்குக்கு நேரே, நீட்டினார், விரல் வெளுக்க இறுக்கி, எனக்குத் தெரியும் அது, கல்யாணமான புதிதில் பார்த்திருக்கிறேன், பேச முடியாத கோபம். ஊமையாக இருக்கச் சொன்னால் மனுஷன் கோபத்தைக்கூடக் கையால்தான் காட்ட வேண்டியிருக்கிறது. “சரி, பேசுங்க” என்றேன். “பேசலாமா?” என்று கேட்டார், அதையும் கேட்டுவிட்டுத்தான். “பேசுங்கன்றேன்!” “அதுக்கு வாய் ரெண்டு இஞ்ச், பூவு. பச்சைக்கு. நான் விரலை விட்டுப் பார்த்தேன். நம்ம பின்னு நுழையாது.”

திரும்பினேன். முழுசாக, நாற்காலியோடு. ஐம்பதாயிரம் போகட்டும், அஞ்சு லட்சம் போகட்டும், எழுந்து நடந்தேன், சக்கரத்தின் மேல் கால் வைத்து ஏறினேன், புடவையைத் தூக்கிச் செருகினேன், வாய்க்குள் கையை விட்டேன். விரல்கள் போயின. முஷ்டி போகவில்லை. கிரீஸ் கருப்பாக மணிக்கட்டு வரை. ரெண்டு இஞ்ச். பார்த்தே விட்டேன், பக்கத்தில், கண்ணால், எவ்வளவு அழகான வண்டி இது, சட்டத்தில் ஒரு வெட்டு இல்லை, ஒட்டுப்போட்ட தடம் இல்லை, முதுகு நேராக, வளைவு இல்லாமல், முப்பத்துநாலு வருஷத்தில் வாங்குவதற்கு முன் ஒரு பொருளை இப்படிப் பார்த்ததே இல்லை, இவ்வளவு நேரமும் இதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கீழே அர்த்தனாரி இடுப்பில் கை வைத்து நிற்கிறான். “இந்த வண்டிதான் வேணும்” என்றேன், வாய் தானாகச் சொன்னது. “அதுதான் தெரியுமே அக்கா” என்றான். “என்ன தெரியும்?” “எங்க யார்டுல நாப்பது வண்டி நிக்குதுங். வந்ததும் நீங்க நாற்காலியை இழுத்து, இந்த ஒரு வண்டிக்கு மட்டும் முதுகைக் காட்டிப் போட்டு உக்காந்தீங்க. முப்பத்தொம்பது வண்டியையும் பார்த்தீங்க, கக்கூஸ் பக்கம் நிக்கிற உடைஞ்ச டெம்போவைக்கூடப் பார்த்தீங்க. பார்க்காத வண்டி ஒண்ணே ஒண்ணு. எனக்குத் தெரியாதுங்களா? சிவப்பைப் பத்தொம்பதுக்குத் தர்றேன்னு சும்மாத்தான் சொல்லிப் பார்த்தேன், உங்க முகத்தைப் பார்க்கறதுக்கு.” “பார்ட்னர்?” “எனக்கேதுங்கக்கா பார்ட்னர்.” சிரிக்கிறான், இவரும் சிரிக்கிறார், என் வீட்டுக்காரர், கூச்சமே இல்லாமல் தொடையைத் தட்டி. அப்படியானால் எண்ணெய்ச்சட்டிக்குப் பிறகு வாங்கின எல்லாவற்றிலும், டிக்கெட் கூண்டைப் பேசினேனே, அந்த ஆளும், எல்லாரும்? வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே, ஒரு வேலை நடக்கும்போது பழைய குப்பையைக் கிளறாதே. சிரிப்பு எனக்கும் வந்துவிட்டது, கோபம் வந்த வழியாகவே, தொப்புளிலிருந்து, கையைத் துடைக்க இடம் இல்லாமல் வண்டியின் மேல் நின்றபடி.

இவருக்கோ திறந்த வாய் மூடவில்லை. எங்கள் பின் மூன்றரை இஞ்ச், ட்ரெய்லர் பல்லடத்தில் இருக்கிறது, வியாழக்கிழமைக்குள் வீரபாண்டி போகாவிட்டால் இடம் போய்விடும், நாலு யார்டு பார்த்துவிட்டோம், இதைவிட நல்ல வண்டி கிடையாது, எல்லாவற்றையும், ஒளித்து வைத்த ஒவ்வொன்றையும், அந்த ஆளிடம் கடை விரித்துவிட்டார். நான் மேலிருந்து ஏகாம்பரம் ஏகாம்பரம் என்று மனசுக்குள் கத்துகிறேன். அர்த்தனாரி தலையைச் சொறிந்தான். “சிவப்போட தட்டைக் கழட்டி இதுக்கு மாட்டிரலாமுங்கண்ணா. போல்ட்டு வேலைதான். அடியில ஒரு பிளேட்டு வெச்சா உசரமும் சரியாயிரும். சாயங்காலத்துக்குள்ள முடிச்சர்றனுங்.” “உயரம் எவ்வளவு வரும்னு நான் குறிச்சு வெச்சிருக்கேன்” என்று இவர் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தார். எப்போது குறித்தார். பல்லடத்தில் நான் பட்டறைக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது. மாட்டலாம். நடக்கும். புதன்கிழமை முளை உள்ளே போகும். காலிலிருந்து கனம் இறங்கிப்போனது போல, நானும் இறங்கினேன்.

அப்புறம் விலை. இதில் மட்டும் நான் விட மாட்டேன். “தட்டு மாத்தறது உன் செலவு, பதினாலு” என்றேன். “அக்கா, ஆசையை வாயாலயே சொல்லீட்டு பதினாலுங்கறீங்களே. பதினாறரை.” “பழைய டயரு.” “டயரை நீங்க காலைல உதைச்சது பார்த்தேன், நல்லாருக்குன்னு தலையாட்டுனதும் பார்த்தேன். பதினாறேகால்.” “பதினாலரை.” “பதினாறு, கடைசி.” எல்லாம் தெரிந்துபோன பிறகு பேசுகிற பேரம் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே, முகத்தைப் பாதுகாக்க வேண்டியதில்லை, கத்தலாம், சிரிக்கலாம், தொண்டை நன்றாகத் திறக்கிறது, பதினைந்தரைக்கு வந்துவிடுவான், முடித்துவிடலாம், பதினஞ்சரை என்று சொல்ல நாக்கை மடக்கினேன், இவர், “பதினஞ்சு” என்றார். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அர்த்தனாரி இவரைப் பார்த்தான். இவர் அர்த்தனாரியைப் பார்த்தார், சாதுவாக, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி. “பதினஞ்சு கட்டாதுங்கண்ணா” என்றான். பதில் இல்லை. நான் வாயைத் திறந்தேன், என் மணிக்கட்டில் இவர் கை விழுந்தது, கிரீஸ் மேல் கிரீஸ், மெதுவாக ஒரு அழுத்தல். மூடிக்கொண்டேன். மூடிக்கொள்வது என்றால் என்ன என்று நினைத்தீர்கள், பல்லுக்குப் பின்னால் நாக்கு குதிக்கிறது, மூக்கில் அரிக்கிறது, சாலையில் ஒரு சிமெண்ட் லாரி போகிறது, அதன் சத்தம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் ஆகிறது, இன்னும் யாரும் பேசவில்லை, இவர் காலையிலிருந்து இதையா செய்துகொண்டிருந்தார், இவ்வளவு நேரம், எப்படித் தாங்கினார், எனக்கு ஒரு நிமிஷத்துக்கே காது அடைக்கிறது. “பதினஞ்சே முக்காலாவது சொல்லுங்கண்ணா.” வெல்டிங் நின்றுவிட்டது. “வீட்ல கேப்பாங்கண்ணா.” ஒரு காக்கை. “கோபமுங்களா?” இவர் கோபமாக இல்லை, இவர் எதுவாகவும் இல்லை, நிற்கிறார். அர்த்தனாரி காதிலிருந்து பேனாவை எடுத்தான், மூடியைத் திறந்தான், மூடினான், வானத்தைப் பார்த்தான், பச்சையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என்னிடம் இருந்து ஒரு வசவாவது வராதா என்கிற மாதிரி. எனக்கு அவனைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. என்னைப் பார்த்தாலும். “சரிங்கண்ணா, பதினஞ்சே. எடுத்துக்குங்க. ஏதாச்சும் பேசுங்க, எனக்கு வேர்க்குது.” வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்பானர் எடுக்க ஆளைக் கூப்பிடக் கொட்டகைப் பக்கம் நடந்தான். முடிந்தது. வண்டி நம்முடையது. கத்த வேண்டும்போல இருக்கிறது, படகு உச்சிக்குப் போகும்போது ஜனங்கள் கத்துவார்களே அப்படி. இவர் இன்னும் அப்படியே நிற்கிறார், உதடு ஒட்டியபடி, அவன் போன திசையைப் பார்த்துக்கொண்டு. “அதான் முடிஞ்சுதே” என்றேன், “இப்ப பேசலாம்.” “இரு” என்றார், உதடு அசையாமல். “ரெண்டு புது டயரும் சேர்த்துத் தருவானான்னு பார்க்கிறேன்.”